வனராணியும் நாசிப் படையும்

தப்பா நினைச்சிக்கிடாதீங்க தம்பி. அடுத்தவங்க வாசிக்கிற புத்தகத்தை எட்டிப் பாக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பஸ்ஸு குலுங்கின குலுக்குல கண்ணு அங்க போயிட்டு. அந்தப் பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை தோலைச் சுத்திக்கிட்டுப் பாறை மேல நிக்காளே, அது காட்டுப் படம்தான? யுத்த காலத்துப் படமா? அதான பாத்தேன்.

என்ன எழுதியிருக்கான்? அந்தக் காலத்துக் காட்டுப் படத்துக்குள்ள சர்க்கார் யுத்தப் பிரச்சாரத்தை ஒளிச்சு வச்சு அனுப்பிச்சுன்னா? சரியாத்தான் எழுதியிருக்கான். ஆனா அனுப்பினது எங்க போய் எப்படி இறங்கிச்சுன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுல ஒரு படத்தை ஓட்டினவன் நான்.

கடையம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். புத்தகத்தை மடிச்சு வச்சீங்கன்னா சொல்லுதேன். மடிக்காட்டாலும் சொல்லுவேன், அது வேற விஷயம்.

என் பேரு நல்லபெருமாள். செண்பகா டூரிங் டாக்கீஸ்னு ஒரு கொட்டகை. இந்தப் பக்கமெல்லாம் ஊர் ஊராப் போட்டுப் பிரிச்சிக்கிட்டே இருப்பாங்க. அதுல பதினெட்டு வருஷம் ஆபரேட்டர். பதினெட்டு வருஷத்துல என் கையில ஒரு ரீலு எரிஞ்சது கிடையாது. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, ஊர்ல யாரைக் கேட்டாலும் அந்தக் கொட்டகைன்னா ஆவுடையப்பன்னுதான் சொல்லுவாங்க. தியாகி ஆவுடையப்பன். கடையத்துல அவரைத் தெரியாத ஆள் இல்ல. எனக்குப் பொறாமையெல்லாம் இல்ல தம்பி. நடந்தது நடந்தபடி ஒருத்தருக்காவது தெரியணும்ல. அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் யாருன்னா, நாடகக் கம்பெனியில பபூன் வேஷம் கட்டினவர். கம்பெனி கலைஞ்ச பொறவு எங்க முதலாளி குத்தாலிங்கம் பிள்ளை கூட்டியாந்து வச்சார். எதுக்குன்னா, இங்கிலீஷ் படம் வந்தா அதுல என்ன நடக்குதுன்னு ஜனங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல. திரைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல், கையில ஒரு தகரக் குழாய். அவரு கையைத் தூக்கினா நான் படத்துச் சத்தத்தைக் குறைக்கணும். அவரு குழாயை வாயில வச்சுப் பேசுவார். ராசாவும் அவர்தான், ராணியும் அவர்தான், குதிரையும் அவர்தான். இங்கிலீஷ் தெரியுமான்னு கேக்கீங்களா? கையெழுத்தே தமிழ்ல மூணு எழுத்தை முழுங்கித்தான் போடுவார். படத்தோட வர்ற கதைச் சுருக்கத்தை யாராவது வாசிச்சுச் சொன்னா ஒரு தடவை கேட்டுக்கிடுவார். மிச்சமெல்லாம் வாய்தான்.

நாங்க ரெண்டு பேரும் இல்லாட்டா கொட்டகை இல்ல. அதிலயும் நான் இல்லாட்டா இருட்டு. அவர் இல்லாட்டா சத்தம் கொஞ்சம் குறைச்சலா இருக்கும், அம்புட்டுத்தான்.

நாப்பத்து நாலாம் வருஷம். சிவசைலம் போற பாதையில கொட்டகை போட்டிருக்கோம். யுத்தம் நடக்குது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மிஷினுக்குள்ள எரிஞ்சு வெளிச்சம் கொடுக்கிற கார்பன் குச்சி எனக்குக் கிடைக்கல. துண்டு துண்டா மிச்சம் பிடிச்சு ஓட்டுதேன். அப்ப ஒரு உத்தரவு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால சர்க்கார் அனுப்புற யுத்தச் செய்திப் படம் கண்டிப்பா ஓட்டணும். ஓட்டினோம். பீரங்கி வெடிக்கும், கப்பல் போகும், ஜனங்க எழுந்திருச்சு வெளிய போயிரும். கடலை வாங்குவாங்க, டீ குடிப்பாங்க, பீரங்கிச் சத்தம் நின்ன பொறவு உள்ள வருவாங்க. நம்ம கொட்டகை வாசல்ல டீக்கடை போட்டிருந்தவருக்கு அந்த யுத்தத்தால நல்ல வியாபாரம்.

இதை யாரோ மேல எழுதிப் போட்டுட்டாங்க. ஒருநாள் மத்தியானம் ஒரு வேன் வந்து நிக்குது. இறங்கினவர் பேரு விட்டல் ராவ். யுத்தப் பிரச்சார ஆபீசர். ஒல்லியான மனுசர், வெயில்லயும் கோட்டு. குத்தாலிங்கம் பிள்ளை மடிச்சுக் கட்டின வேட்டியை இறக்கி விட்டுக்கிட்டு ஓடினார். ராவ் ஏசவெல்லாம் இல்ல. ஜனங்க பிரச்சாரத்தைப் பாக்க மாட்டேங்காங்கன்னு சர்க்காருக்குத் தெரியும், அதனால இனிமே பிரச்சாரத்தைக் கதைக்குள்ளயே வச்சிருக்குன்னு விளக்கமாச் சொன்னார். காட்டுப் படம்னா எல்லாரும் உக்காந்து பாப்பாங்க. காட்டுக்குள்ளயே எதிரி வந்துட்டான்னா யாரு எழுந்திருச்சு டீ குடிக்கப் போவான்? அவருக்கே தன் யோசனை பிடிச்சுப் போயி சிரிச்சிக்கிட்டார். ஒம்போது ரீலு பெட்டியில இருந்துச்சு. கூடவே தமிழ்ல அடிச்ச ரெண்டு பக்கக் கதைச் சுருக்கம். அதுல இருக்கிறபடியேதான் சொல்லணும், ஒரு சொல்லு கூடக் குறையக் கூடாதுன்னு ஆவுடையப்பன்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனார்.

கதை என்னன்னு கேட்டீங்கன்னா, சின்ன வயசுல கப்பல் உடைஞ்சு காட்டுல ஒதுங்கின ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை. யானைங்களோட வளந்து அந்தக் காட்டு ஜனங்களுக்கு ராணி மாதிரி ஆயிருதா. நாங்க வனராணின்னு பேரு வச்சோம். ஒருநாள் விமானத்துல ஒரு பட்டாளம் வந்து இறங்குது. இரும்புத் தொப்பி, முழங்கால் வரைக்கும் பூட்ஸு. காட்டு ஜனங்களைச் சங்கிலியில கட்டி மலையைத் தோண்ட விடுதான். ஏதோ ஒரு கல்லு, குண்டு செய்யதுக்கு வேணுமாம். தடுக்க வந்த யானையைச் சுட்டுருதான். பொறவென்ன, வனராணி மிச்ச யானையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து அந்தப் பட்டாளத்தை மிதிச்சு விரட்டுதா. கடைசியில பாறை மேல ஏறி நின்னு, நம்ம மூஞ்சியை நேராப் பாத்து அஞ்சு நிமிசம் பேசுதா. அந்தப் பேச்சுக்குத்தான் சர்க்கார் படத்தையே அனுப்பியிருக்கு. நேச நாடுகளுக்கு உதவுங்க, பட்டாளத்துல சேருங்க, அப்படி.

முதல் நாள் ஆவுடையப்பன் சுருக்கத்தை மனப்பாடமாச் சொன்னார். அதுல அந்தப் பட்டாளத்துக்கு என்ன பேருன்னா, நாஜிப் படை. எங்க பக்கத்து ஜனங்க வாயில அது நாசின்னுதான் வரும். நாசின்னா மூக்கு. தரை டிக்கெட்டுல ஒரு வண்டிக்காரர் எழுந்திருச்சுக் கேட்டார், ஏன் அண்ணாச்சி, மூக்குப் படைன்னா என்னன்னு. எங்க கொட்டகையில ஒரே மிஷின். ரீலு முடிஞ்சா லைட்டைப் போட்டுட்டு அடுத்ததை மாட்டணும். அந்த இடைவேளைக்குள்ள ஆவுடையப்பன் ஏதாவது பதில் சொல்லியாகணும். மூக்கு நீளமான ஜாதின்னு சொல்லிப் பாத்தார். திரையில வந்த சேனாதிபதிக்குச் சப்பை மூக்கு. சிரிச்ச சிரிப்புல யானை செத்தது கூட யாருக்கும் தெரியல.

ரெண்டாம் நாள் இன்னும் மோசம். அவங்களும் வெள்ளை, இவளும் வெள்ளை, இதுல நம்ம ஆளு யாருன்னு சண்டை. நாலாம் ரீல்லயே பாதிப் பேரு டீக்கடைக்குப் போயாச்சு. ராவ் ஆபீசரோட யோசனை அங்கயே படுத்துட்டு.

மூணாம் நாள் காலையில ஆவுடையப்பன் என் கேபினுக்கு வந்து உக்காந்தார். பபூன் வேஷக்காரங்க முகம் வாடினா பாக்கச் சகிக்காது தம்பி. முதலாளி, ஆளை மாத்திருவேன்னு சொல்லிட்டாராம். வீட்டுல மூணு பிள்ளைங்க. நாசியை என்ன செய்யன்னே தெரியலங்காரு.

நான் கார்பன் குச்சியைச் சீவிக்கிட்டே சொன்னேன். இன்னைக்கும் அந்த நிமிசம் அப்படியே கண்ணுல நிக்குது. என்ன சொன்னேன்னா:

"நாசி பீசியெல்லாம் எதுக்குவே? பூட்ஸு போட்டவனை நம்ம ஊர்ல என்னன்னு சொல்லுவோம்? தொரைன்னு சொல்லும். எல்லாத்துக்கும் புரியும்."

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல்லு. அது என் சொல்லு. அந்தக் கேபினுக்குள்ள அப்ப நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம்.

நான் அரசியல் நினைச்சுச் சொன்னேனான்னு கேட்டா, நிசமாச் சொல்லுதேன், இல்ல. படம் ஓடணும், அதுக்காகச் சொன்னது. ஆனா அன்னைக்கு முதல் ஆட்டத்துல ஆவுடையப்பன் குழாயை வாயில வச்சு, "இதோ வாறாங்கய்யா தொரைமாரு"ன்னு சொன்னாரு பாருங்க, டீக்கடைக்குக் கிளம்பினவங்கல்லாம் திரும்பி வந்து உக்காந்துட்டாங்க. அதுக்குப் பொறவு அவரைப் பிடிக்க முடியல. தொரைமார் வந்தாங்க. கேக்காம வந்தாங்க. நம்ம மலையை நம்மளை வச்சே தோண்டுதாங்க. தோண்டினதைக் கப்பல்ல ஏத்துதாங்க. தோண்டினவனுக்குக் கூழு கிடையாது. இதெல்லாம் சுருக்கத்துல இல்ல. ஆனா திரையில நடக்குது. யாரு பொய்யுன்னு சொல்ல முடியும்?

வண்டிக்காரர் பெஞ்சுல ஏறி நின்னுட்டார். யானை விழுந்தப்ப பொம்பளைங்க பக்கத்துல அழுகைச் சத்தம். வனராணி கடைசியில பாறை மேல ஏறிப் பேசினாள்ல, அந்த அஞ்சு நிமிசத்தையும் ஆவுடையப்பன் அவளுக்காகப் பேசினார். எங்க காட்டை விட்டுப் போங்க, உங்க பூட்ஸுத் தடம் கூட இங்க இருக்கக் கூடாது, நாங்க எங்க யானையோட இருந்துக்கிடுதோம்னு. கையைத் தூக்கி அவ இங்கிலீஷ்ல என்ன சொன்னாளோ, வாயசைப்பு அப்படியே பொருந்திட்டு.

மறுநாள்ல இருந்து கூட்டம் அம்முது. ஆழ்வார்குறிச்சியில இருந்து வண்டி கட்டிக்கிட்டு வாறாங்க, பொட்டல்புதூர்ல இருந்து நடந்து வாறாங்க. ஒருத்தர் கூட டீக்கடைக்குப் போகல. கடைக்காரர் வந்து என்கிட்ட வருத்தப்பட்டார். குத்தாலிங்கம் பிள்ளைக்கு எதுக்குக் கூட்டம் வருதுன்னு புரியல. புரியாம இருக்கிறதுதான் நல்லதுன்னு விட்டுட்டார். முகப்புல மாலை போட்டார். ஆவுடையப்பனுக்கு ஒரு துண்டு வாங்கிப் போட்டார். எனக்கு ஒண்ணும் போடல. நான் கேக்கவும் இல்ல.

கடைசிக் காட்சியில ஜனங்க சேந்து கத்துவாங்க, "போங்கடா காட்டை விட்டு"ன்னு. ராவ் ஆபீசருக்குச் சேதி போச்சு. ஜனங்க எதிரியைப் பாத்து ஆவேசமாக் கத்துதாங்கன்னு போச்சு. அவரு வந்து பாக்கவே இல்ல தம்பி. அப்படியே மேல எழுதிட்டார், இந்தத் தாலுகாவுல பிரச்சாரம் அமோக வெற்றின்னு. மேல இருந்து சப்-கலெக்டர் துரையே பாக்க வாறார்னு பதில் வந்துச்சு.

சனிக்கிழமை முதல் ஆட்டம். சேர் எல்லாம் கொட்டகைக்குள்ள பின்வரிசையில, என் கேபின் ஓட்டைக்கு நேர் கீழ. துரைக்குச் சின்ன வயசு. முப்பது இருக்காது. சிவந்த மூஞ்சி, அமைதியான ஆளு. பக்கத்துல ராவ். கோட்டு, டை, எல்லாம் கஞ்சி போட்ட மாதிரி இருக்கார். ஆவுடையப்பன் துரையைப் பாத்தாரா, பாத்தார். நான் கேபின்ல இருந்து கையை ஆட்டினேன், இன்னைக்கு நாசின்னே சொல்லிரும்வேன்னு. அவரு என்னன்னு புரிஞ்சிக்கிட்டாரோ, பதிலுக்கு அவரும் கையை ஆட்டினார்.

விமானம் வந்து இறங்குச்சு. "இதோ வாறாங்கய்யா தொரைமாரு."

ஆயிரம் பேரு ஊளையிட்டாங்க. துரை ராவ் பக்கம் குனிஞ்சு இங்கிலீஷ்ல ஏதோ கேட்டார். ராவ் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைச்சார். பொறவு இங்கிலீஷ்ல விரிவாச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா அவரு சொன்னதுல நாஜி, நாஜின்னு நாலு தடவை வந்துச்சு. துரை தலையை ஆட்டிக்கிட்டார். அதுக்குப் பொறவு ஒவ்வொரு ரீலுக்கும் ஆவுடையப்பன் ஒண்ணு சொல்லுவார், ராவ் வேற ஒண்ணு சொல்லுவார். ஒரே படத்துக்கு அன்னைக்கு ரெண்டு கதை ஓடிச்சு. ராவ் அந்த ஒன்றரை மணி நேரத்துல பட்ட பாட்டை நினைச்சா எனக்கே பாவமா இருக்கு. ஆவுடையப்பனை விட அவருதான் பெரிய கதைக்காரர்.

கடைசி ரீலு. வனராணி பாறை மேல நிக்கா. போங்கன்னு சொல்லுதா. கொட்டகையே எழுந்திருச்சு நின்னு போங்க போங்கன்னு கத்துது. நான் லைட்டைப் போட்டேன். துரை எழுந்திருக்கல. உக்காந்தபடியே ராவைப் பாத்து, சுத்தமான தமிழ்ல, புத்தகத்துல அச்சடிச்ச மாதிரிக் கேட்டார்:

"திரு ராவ், இவர்கள் என்னையா போகச் சொல்கிறார்கள்?"

துரைமாருக்குத் தமிழ்ப் பரீட்சை உண்டுன்னு எங்களுக்கு யாரு சொன்னா? எல்லாச் சொல்லும் புரியாட்டாலும் அந்தச் சொல்லு புரியாமப் போகுமா? காலையில எழுந்ததுல இருந்து அவரை எல்லாரும் அப்படித்தான கூப்பிடுதாங்க. ராவ் டையைத் தளத்திக்கிட்டார். துரை தொப்பியை எடுத்துக்கிட்டு, வழிவிட்ட ஜனங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கிட்டுக் காருக்குப் போனார். போன மனுசர் ஒரு புகாரும் கொடுக்கல. அதை நான் சொல்லணும். கொடுத்தது ராவ். தன் தலை தப்பணும்ல.

மறுநாள் காலையில ஸ்டேஷன்ல மூணு பேரையும் உக்கார வச்சாங்க. குத்தாலிங்கம் பிள்ளை முதல்ல. கொட்டகைத் துணிக்கும் கம்புக்கும்தான் நான் சொந்தக்காரன், அதுக்குள்ள பேசுற பேச்சுக்கு இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வெளிய போயிட்டார். அடுத்தது நான்.

இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்வி. தொரைமார்ங்கிற சொல்லு யாரோடது?

நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. கல்யாணமாகி எட்டு மாசம். எனக்குப் படம் ஓட்டத்தான் தெரியும், அதுல என்ன பேசுதாங்கன்னு கேட்டது கிடையாது, அந்தச் சொல்லைச் சொன்னது ஆவுடையப்பன்தான்னு சொன்னேன். இதுல பொய் எங்க இருக்கு? அவர் வாயில இருந்துதான வந்துச்சு? ஆயிரம் பேரு கேட்டாங்கள்ல? எழுதினாங்க, கையெழுத்துப் போட்டேன்.

பொறவு அவரைக் கூப்பிட்டாங்க. சொல்லிக் கொடுத்தது யாருன்னு கேட்டாங்க. நான் அங்கனயேதான் சுவரோரமா நிக்கேன். அவரு என்னை ஒரு தடவை பாத்தார். பாத்துட்டுச் சொன்னார், "என் வாய்தான்யா. சின்னப் பிள்ளையில இருந்தே அடங்காது."

ஆறு மாசம் பாளையங்கோட்டை ஜெயில்.

அந்த ஆறு மாசமும் அவரு சம்சாரம் கோமதிக்கு எங்க வீட்டு அரிசியில பாதி போச்சு. சும்மா சொல்லக் கூடாது, அது என் வீட்டுக்காரி செஞ்சது. நான் தூக்கிக்கிட்டுப் போனேன், அவ்வளவுதான். மனசு உறுத்திச்சான்னு கேக்கீங்களா? எதுக்கு உறுத்தணும்? வாரா வாரம் நடந்து போக வேண்டியிருந்துச்சே, அதுல காலுதான் வலிச்சுது.

உள்ள அவருக்கு ராஜ மரியாதை. ஜெயில் முழுக்கக் காங்கிரஸ்காரங்க. சாயங்காலமானா இவரை நடுவுல உக்கார வச்சு வனராணி கதை கேப்பாங்களாம். கம்பிக்குள்ள இருக்கிறவனுக்கு யானை வந்து விரட்டுற கதைன்னா கேக்கணுமா? வெளிய வரும்போது கதர்ச் சட்டை, கழுத்துல மாலை. போனது பபூன் ஆவுடை, வந்தது தியாகி ஆவுடையப்பன். வந்தன்னைக்கே கொட்டகைக்கு வந்தார். நான் ரீலைத் தலைகீழா மாட்டிட்டேன். அவரு வந்து நின்னு, "வே ஆபரேட்டரு, கார்பன் கிடைக்குதா?"ன்னு கேட்டார். கிடைக்குதுன்னேன். ஸ்டேஷன் பேச்சை அவரு எடுக்கவே இல்ல. நானும் எடுக்கல. எடுத்தா அவருக்கு வருத்தமா இருக்கும்ல.

சுதந்திரம் வந்துச்சு. கொட்டகை போச்சு. அவரு கடையத்துல ஒரு பலசரக்குக் கடை போட்டார். மேடையில பேசக் கூப்பிடுவாங்க. எங்க பேசினாலும் கடைசியில வனராணி வருவா. கூட்டத்துல நானும் போய் உக்காருவேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லு வரும்போது எனக்கு இங்க, நெஞ்சுல, ஒண்ணு இடிக்கும். என் சொல்லு அது. அவரு பாட்டுக்குச் சொல்லிட்டுப் போறாரு, ஜனங்க கை தட்டுதாங்க.

இப்பச் சொல்லப் போறதுதான் தம்பி, என் குறையே. எழுபத்திரண்டுல, சுதந்திரம் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு தியாகிகளுக்கெல்லாம் தாமிரப் பத்திரம் கொடுத்தாங்கள்ல. ஆவுடையப்பனுக்கும் வந்துச்சு. வாங்கப் போன மனுசர் அங்க ஆபீசர்கிட்ட என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? இது எனக்கு மட்டும் உரியதில்ல, அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தது ஆபரேட்டர் நல்லபெருமாள், அவரையும் விசாரிச்சுச் சேத்துக்கிடுங்கன்னு ஆளை வச்சு மனு எழுதிக் கொடுத்திருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. திடீர்னு சந்தோஷப்படட்டும்னு நினைச்சாராம்.

எங்க வீட்டுக்கு ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க் வாறான். கையில ஃபைலு. நான் முகம் மழிச்சிக்கிட்டிருந்தேன், பாதி முகத்துல சோப்பு. ஃபைலைத் திறக்கான். மேல, பழுப்பேறிப் போயி, என் பழைய ஸ்டேஷன் வாக்குமூலம். என் கையெழுத்து. அவன் பேனாவைத் திறந்துக்கிட்டு, நாப்பத்து நாலாம் வருஷம் இன்ன தேதியில, சர்க்காருக்கு விரோதமா தொரைமார்ங்கிற சொல்லைச் சொல்லும்படி தூண்டினது நீங்கதானான்னு வாசிக்கான்.

தூண்டினது நீங்கதானான்னு கேட்டா என்னன்னு நினைக்கிறது தம்பி? கேஸைத் திரும்ப எடுத்துட்டான்னு நினைச்சேன். சர்க்கார்னா சர்க்கார்தான, வெள்ளைக்காரன் போனா மட்டும் ஃபைலு போயிருமா? நான் எழுந்து நின்னுட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, படம் ஓட்டத்தான் தெரியும், சொன்னதெல்லாம் ஆவுடையப்பன்தான்னு ஒரே மூச்சுல சொன்னேன். அவன் சரின்னு எழுதிக்கிட்டான். நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடி வச்ச பொறவு சொல்லுதான், அப்ப உங்களுக்குப் பத்திரம் கிடையாது பெரியவரே, நான் போயிட்டு வாறேன்னு.

வந்த உடனே இது மரியாதை செய்யதுக்குன்னு சொல்ல வேண்டாமா? பேனாவைத் திறந்துக்கிட்டு வந்தா? மறுநாளே தாலுகா ஆபீஸுக்கு ஓடினேன். முதல்ல சொன்னது பயத்துல சொன்னது, மாத்தி எழுதிக்கிடுங்கன்னு கெஞ்சினேன். அவன் ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுதான். இருபத்தெட்டு வருஷம் கழிச்சும் ஒரு எழுத்து மாறாமச் சொல்லியிருக்கீங்க, இதை விட உறுதியான சாட்சி கிடையாதுன்னு சொல்லிட்டான்.

இந்தச் சேதி ஆவுடையப்பன் காதுக்குப் போச்சு. மறுநாள் மத்தியானம் பஸ் ஏறி எங்க வீட்டுக்கே வந்துட்டார். கையில அந்தப் பத்திரம். என் வீட்டுக்காரி முன்னால, பேரப்பிள்ளைங்க முன்னால, நாற்காலியில சாஞ்சு உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்து:

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கீரேவே. உம்மை மாதிரி வார்த்தை மாறாத மனுசனை நான் பாத்ததே இல்ல."

சொல்லிட்டுச் சிரிச்சார் பாருங்க, வயித்தைப் பிடிச்சிக்கிட்டு. என் வீட்டுக்காரியும் சிரிச்சா. அவ அடுப்படிக்குப் போயும் சிரிச்சது கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. அவர் கையைப் பிடிச்சு ஏதோ சொல்லணும்னு வந்துச்சு, என்னன்னு தெரியல. காப்பி சூடா இருக்கு, ஆத்திக் குடியும்னு சொன்னேன். அவரு ஆத்திக் குடிச்சார். பழைய கதையெல்லாம் பேசிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

போன பொறவு பாத்தா, பத்திரத்தை நாற்காலியிலயே மறந்து வச்சிட்டுப் போயிட்டார்.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடடா மறந்துட்டேன்வேன்னார். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு வந்தார், மறுபடியும் வச்சிட்டுப் போயிட்டார். கல்யாணத்துக்கு இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தார்னு கேக்கப்படாது. நான் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தா, வீட்டுக்கு வந்து பையைக் கொட்டும்போது வெத்திலைக்கு அடியில அது கிடக்கு. அவரு பேத்தி தெரியாம வச்சிருப்பான்னு நினைக்கேன். இந்த ஆறு வருஷத்துல ஒம்போது தடவை இப்படி ஆயிட்டு. வயசாயிருச்சுல்ல, பாவம், மறதி. வனராணி படத்தை ஒம்போது ரீலும் ஒரு பேச்சு விடாமச் சொல்லுவார். இதை மட்டும் மறந்துருவார்.

இதோ, இந்தப் பையிலதான் இருக்கு. பாருங்க, தொட்டுப் பாருங்க. கனமா இருக்குல்ல? புளி போட்டு நானே விளக்கினது. அவரு வீட்டுல இருந்தா கறுத்துப் போயிரும், அவருக்கு விளக்கத் தெரியாது. இந்தத் தடவை எங்க வீட்டுல எட்டு மாசம் இருந்துட்டு. உடனே கொண்டு போயிரணும்னுதான் நினைக்கேன், ஏதாவது சோலி வந்துருது. சும்மா மூலையில கிடக்க வேண்டாம்னு சுவத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டியிருந்தேன். வந்தவங்க யாராவது, உங்களுதான்னு கேட்டா, ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். மரியாதைக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்புவேன்.

கடையம் வந்துட்டு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கிடுங்க தம்பி, இறங்கணும். சாயங்காலம் இதே பஸ்ஸுல திரும்பிருவேன். அந்த ஆணியைப் பிடுங்கிருன்னு வீட்டுக்காரி சொன்னா. கிடக்கட்டும், சுவரு பேந்துரும்னு விட்டுட்டு வந்திருக்கேன்.